ஆச்சிக்குக் கண் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை

அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு இரண்டு வைத்தியம் நடந்தது. ஒன்று கண்ணுக்கு, இன்னொன்று இடுப்புக்கு. கண் வைத்தியம் மூன்று நாளில் முடிந்தது. இடுப்பு வைத்தியம் மூன்றாவது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. ஆளும் அதே ஆள், வீடும் அதே வீடு. அது ஏன் அவ்வளவு லேசாக முடிந்தது, இது ஏன் இந்தப் பாடு படுத்துகிறது என்று யோசித்ததில் எழுதியது இது. முதியோர் பராமரிப்பில் சமூகத் தொழில்முனைவு, புத்தாக்கம் என்றெல்லாம் கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் ஒரு தெருவை வைத்துப் பேசுகிறேன்.

ஊர், திருநெல்வேலிச் சீமையில் வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஆற்றோரம். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், கோயில் கொடைக்குத் திறப்பார்கள். திறந்திருக்கிற வீடுகளில் பெரும்பாலும் ஒரு கிழவியோ ஒரு கிழவனோ, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு பேருமோ. பிள்ளைகள் சென்னை, திருப்பூர், ஷார்ஜா. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். 2021இல் 13.6 என்று மதிப்பிட்டார்கள், 2031இல் 18.2 ஆகும் என்கிறார்கள். பெரிய மாநிலங்களில் நம்மைவிட முன்னால் நிற்பது கேரளம் மட்டும்தான். எங்கள் தெருவுக்கு 2031 எப்போதோ வந்துவிட்டது.

கண்

ஆச்சி கண் தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. கேட்டால், "இருக்கப்போறது இன்னும் எத்தன நாளோ, இந்தக் கண்ணு எதுக்குய்யா?" என்றாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். தெருவில் இன்னும் இரண்டு ஆச்சிமார் போகிறார்கள் என்றதும் இவளும் கிளம்பினாள். அவர்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், திருநெல்வேலி ஜங்ஷனில் நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் இருக்கிற அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுத்து, லென்ஸ் வைத்து, மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு திருப்பி இறக்கிவிட்டார்கள். வந்த அன்றைக்குச் சாயங்காலம் சொளவை எடுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, வீட்ட இம்புட்டுத் தூசியாவா வச்சிருக்க?" என்று அம்மாவுக்கு ஏச்சு வேறு.

இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி எங்கள் சீமைக்காரர்தான். 1918இல் எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா, இன்றைக்குத் தூத்துக்குடி. முடக்குவாத நோயில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். திருநெல்வேலிக்கு 1988இல் வந்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள், முடியாதவர்களுக்கு அந்தப் பணத்திலேயே நடக்கிறது. இதைத்தான் எல்லோரும் வியந்து எழுதுவார்கள். எனக்கு வியப்பு வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று, இலவசம் என்று சொன்ன பிறகும் ஆட்கள் வரவில்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டது. தொண்ணூறுகளில் மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வில், கண் கோளாறு இருந்தவர்களில் பத்துக்கு ஒருவர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை என்று தெரிந்தது. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு ஆள், வீட்டு வேலையை யாரிடம் விட்டுவிட்டு வருவது, பயம். ஆபரேஷன்தான் இலவசமே தவிர, அந்த ஆபரேஷன் வரைக்கும் வந்துசேருவது இலவசம் கிடையாது. அதனால் வண்டி, சாப்பாடு, ஊரார் முன்னின்று நடத்தும் முகாம் எல்லாம் வைத்தியத்தின் பகுதியே ஆயின. பிறகு ஊருக்குள்ளேயே சின்னக் கண் மையங்கள் வந்தன.

இரண்டு, அங்கே வேலையின் பெரும்பகுதியைச் செய்வது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகள். இரண்டு வருஷம் பயிற்சி. பார்வை சோதிப்பது, ஆளைத் தயார்ப்படுத்துவது, பிறகு கவனிப்பது எல்லாம் அவர்கள் கையில். டாக்டர் கத்தி வைக்கிற சில நிமிஷங்கள் மட்டும் டாக்டருடையவை. ஒரு மேசையில் முடித்துத் திரும்பினால் அடுத்த மேசையில் அடுத்த ஆள் தயாராகப் படுத்திருப்பார். நூறு டாலர் அளவில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸை 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்து, விலையைப் பத்தில் ஒன்றாக்கியது இதோடு சேர்ந்த கதை.

இடுப்பு

கண் வந்த பிறகு ஆச்சி ராத்திரி விளக்குப் போடாமல் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கணத்துப் பக்கம் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைங்க, வாக்கர் பிடிச்சு நடக்க வைங்க, புண்ணு வராமப் பாத்துக்கோங்க" என்றார்கள். யார் திருப்புவது என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவுக்கே அறுபத்தெட்டு. நான் பாளையங்கோட்டையில் வேலை, வாரக் கடைசியில் வருவேன். மாமாக்கள் பணம் போடுவார்கள், தவறியதே இல்லை. அதனால் ஏஜென்சியில் ஆள் எடுத்தோம். ஒரு மாதச் சம்பளம் முன்பணம், ஏஜென்சிக்குத் தனியாக ஒரு தொகை, வீட்டோடு தங்கும் பெண். நல்ல பெண்தான். ஊர் பிடிக்கவில்லை, பேச ஆள் இல்லை, ராத்திரித் தூக்கம் இல்லை. ஒன்பதாவது நாள் கிளம்பிவிட்டாள். அடுத்து வந்தவள் அதைவிடச் சீக்கிரம். ஏஜென்சிக்குப் போன் பண்ணினால் "மாத்து ஆள் அனுப்புதோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த இடைவெளியில் ஆச்சிக்குப் பிட்டத்துக்கு மேலே புண் வந்துவிட்டது. முதலில் சிவப்பு, பிறகு தோல் உரிந்து, பிறகு விரல்நுனி போகிற பள்ளம். இதையெல்லாம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதியோர் பராமரிப்பு என்றால் முக்கால்வாசி இதுதான்.

அப்போது கை கொடுத்தது அரசாங்கத் திட்டம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க அந்தந்த ஊர்ப் பெண்களே இருக்கிறார்கள். அதே திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளரும் வலிநிவாரண நர்ஸும் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸ் புண்ணைக் கழுவி மருந்து வைத்தது ஒரு பக்கம். படுக்கை விரிப்பை இழுத்தே ஆளை எப்படித் திருப்புவது, முதுகுக்குத் தலையணையை எங்கே அண்டை கொடுப்பது என்று அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது அதைவிடப் பெரிய காரியம். ஆனால் அவருக்கு வட்டாரம் முழுக்க வேலை. தினமும் வர முடியாது. ஆச்சியின் முதுகுக்குத் தினமும் பன்னிரண்டு தடவை ஆள் வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2007இல் வந்த பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தருவார்கள். பார்த்துக்கொள்வான் என்று எழுதிக் கொடுத்த வீட்டை, பார்க்காவிட்டால் 23ஆம் பிரிவின்படி திரும்ப வாங்கலாம். 14567 என்று உதவி எண்ணும் உண்டு. அடுத்த தெருவில் ஒருவருக்கு அந்தப் பிரிவு பயன்பட்டது. எங்கள் ஆச்சிக்கு அப்படி ஒரு வழக்கே இல்லை. பிள்ளைகள் எல்லோரும் தங்கம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தரும் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுகிற தலைக்கூத்தல் பற்றி 2010இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து செய்தி வந்தபோது நானும் எல்லோரையும் போலக் கொதித்தேன். இப்போதும் அது கொலைதான் என்பேன். ஆனால் ஏஜென்சி ஆட்கள் நிலைக்காத அந்த மூன்று மாதத்தில், "எண்ணெய் தேச்சுத் தல முழுக வச்சுருங்களேன்" என்று ஆச்சியே சொன்ன ராத்திரி ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் லேசாகப் பேசுவதில்லை.

மூன்று வீடு, ஒரு பெண்

எதிர்ச்சாரியில் பீடி சுற்றுகிற ஒரு அக்கா. மாமியாரைக் கட்டிலோடு நாலு வருஷம் பார்த்துக் கரையேற்றியவள். அவளாகத்தான் வந்தாள். "அண்ணாச்சி, வெளியூரு ஆளு எதுக்கு? காலையில ஒன்றர மணி நேரம், மத்தியானம் ஒரு எட்டு, பொழுதடைய ஒரு மணி நேரம் நான் வாரேன். ராத்திரிக்கு நீங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிடுங்க."

ராத்திரிக்கு காற்றுப் படுக்கை வாங்கினோம். மோட்டார் வைத்த படுக்கை, காற்றை அறை அறையாக மாற்றி மாற்றி நிரப்பும். நான் கண்ட ஒரே இயந்திரப் புத்தாக்கம் அதுதான். திருப்பிப் படுக்க வைக்கிற வேலையை அது அடியோடு இல்லாமல் ஆக்கவில்லை, ஆனால் அம்மாவுக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் கிடைத்தது.

அக்கா வந்து இரண்டு மாதத்துக்குள், மேலண்டைக் கடைசி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் ஆள் அனுப்பினார். அவருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. பென்ஷன் வருகிறது, மகன் பெங்களூரில். அவர் வீட்டுக்கும் போக ஆரம்பித்தாள். மூன்றாவது வீட்டை அவளே பிடித்தாள். அவளோடு சேர்ந்து பீடி சுற்றிய ஒரு கிழவி, இருமலும் மூட்டுவலியுமாகத் தனியாகக் கிடந்தது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்தான் வரும்படி. 2023 வரை அது 1,000ஆக இருந்தது. அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இருநூறே ரூபாய் என்பதை நான் இந்தக் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். அந்த 1,200இல் மாதத்துக்கு டயாபர்கூட வராது.

வாத்தியார் 5,500, நாங்கள் 5,000, கிழவி 500. மொத்தம் 11,000. மூன்று வீட்டுக்கும் போய் வந்த பிறகும் சாயங்காலம் கொஞ்சம் பீடி சுற்றுகிறாள். கணக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னதால் எனக்கு இதெல்லாம் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது: அரவிந்த் ஆஸ்பத்திரியில் நடக்கிற அதே காரியம். கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார், அதில் முடியாதவருக்கும் நடக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, கெழவி எம் மாமியாளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி முறை" என்றாள்.

அங்கேதான் வித்தியாசமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டிப் படுத்திருப்பவருக்கு இலவசப் பிரிவில் படுத்திருப்பவர் முகம் தெரியாது. தெருவில் தெரியும். வாத்தியார் மகன் விடுமுறைக்கு வந்தபோது, "ஒரே வேல, எங்கப்பாவுக்கு 5,500, அங்க 500ஆ?" என்று கேட்டான். கேள்வி நியாயமில்லாததும் அல்ல. வாத்தியார்தான் பதில் சொன்னார், குழறிய நாக்கில்: "அவ பேப்பர் படிச்சுக் காட்டுதா. அங்க படிக்கலையே." அக்கா எட்டாவது வரைக்கும் படித்தவள். தலைப்புச் செய்தி மட்டும் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், மீதியை அவர் கண்ணாடி போட்டு வாசித்துக்கொள்வார்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அக்கா வர ஆரம்பித்ததும் எங்கள் சொந்தத்தில் முதலில் கேட்ட கேள்வி, சுத்தமாகச் செய்வாளா என்பது அல்ல. "அவ எந்த ஆளுக?" ஆச்சியைத் தொட்டுத் தூக்கிக் கழுவிவிடலாம், அடுப்படிக்குள் போகலாமா என்று ஒரு பேச்சு ஓடியது. ஆச்சி கட்டிலில் இருந்தபடியே, "எனக்குப் பசிக்கி, அவளக் கஞ்சி கொண்டாரச் சொல்லு" என்றதில் அது அடங்கியது. எல்லா வீட்டிலும் அப்படி அடங்காது. திருநெல்வேலிச் சீமையில் வீட்டுப் பராமரிப்புத் தொழில் நடத்த வருகிறவர் திட்ட அறிக்கையில் இதை எழுதமாட்டார். ஆனால் முதல் வாரமே சந்திப்பார்.

பெருக்க முடியுமா

ஒன்றிய அரசு 2021 ஜூனில் சேஜ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. முதியோருக்கான பொருளோ சேவையோ தருகிற புது நிறுவனங்களில் ஒரு கோடி ரூபாய் வரை அரசு பங்கு முதலாகப் போடும், பங்கு 49 சதவீதத்துக்குள் இருக்கும். நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணம் தேடுவது வளரக்கூடிய தொழிலை. செயலி, கையில் கட்டும் பட்டை, பெருநகரத்தில் ஆள் அனுப்பும் சேவை. அரவிந்த் வளர முடிந்தது, ஏனென்றால் புரை ஒரு தடவை எடுத்தால் முடிந்தது. ஒரு டாக்டரின் கையை வேலை நுட்பத்தால் பல மடங்காக்கலாம். ஆச்சியின் முதுகை நாளைக்கும் திருப்ப வேண்டும். அக்காவின் இரண்டு கைக்கு மூன்று வீடு, கஷ்டப்பட்டால் நாலு. அதற்கு மேல் போனால் புண் வரும். எந்தச் செயலியாலும் அந்த மூன்றை முப்பதாக்க முடியாது.

மாமா ஒரு தடவை கேமரா வைக்கலாம் என்றார். வைத்தோம். திருப்பூரிலிருந்து பார்த்துவிட்டு, "ஆச்சி அஞ்சு நிமிஷமா கூப்பிடுதா, யாரும் வரல" என்று எனக்குப் போன் செய்வார். நான் அம்மாவுக்குப் போன் செய்வேன். அம்மா அடுத்த அறையிலிருந்து எழுந்து போவாள். நாலாம் நாள் கழற்றிவிட்டோம்.

அப்படியானால் பெருகவே பெருகாதா? செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டினால் பெருகியதைப் பார்க்கலாம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய வலிநிவாரணச் சங்கம், பின்னால் ஊர் ஊராகக் கிளைவிட்டது. படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போவது பக்கத்து வீட்டுக்காரர்கள், சின்னப் பயிற்சி பெற்றவர்கள். பெரிய நன்கொடையை நம்பாமல் கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போடுகிற சில்லறையில் நடத்தினார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே அறிவித்து, உள்ளாட்சிகள் வழியாக வீடு தேடிப் போகும் நர்ஸுகளை வைத்தது. ஒரே நிறுவனம் பெரிதாக வளரவில்லை. சின்னச் சின்னதாக நிறைய முளைத்தன. நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய பியூர்ட்ஸோர்க் என்ற வீட்டுப் பராமரிப்பு அமைப்பின் நர்ஸுகளும் அப்படித்தான்: பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழு, மேலாளர் கிடையாது, எந்த வீட்டுக்கு யார் எப்போது என்பதைக் குழுவே தீர்மானிக்கும்.

எங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. கழுத்துக்குக் கீழே உணர்வற்றுப்போன ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளை ஆசிரமத்துக்கு வரவழைப்பதோடு நிற்காமல், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்புகிறது. குழந்தைக்குக் கை கால் பயிற்சி கொடுக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தாத்தாவை வாக்கர் பிடித்து நடக்க வைக்கவும் சொல்லிக்கொடுக்கலாம். பயிற்சி கொடுக்கிற இடம் இருக்கிறது, பீடி இலையோடு மல்லுக்கட்டும் பெண்கள் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், வெளியூரில் பணமும் இருக்கிறது. நடுவில் இருக்கிற ஓட்டை என்று எனக்குத் தெரிவது ஒன்றுதான்: பணம் கொடுப்பவர் ஷார்ஜாவில், வேலை வாங்குபவர் கட்டிலில், வேலை செய்பவர் எதிர்ச்சாரியில். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வேலை சரியாக நடந்ததா என்று பார்த்து, சம்பளத்தை நாள் தவறாமல் கொடுத்து, அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆளை அனுப்ப ஒருவர் வேண்டும். எங்கள் தெருவில் அந்த ஆள் நான், சனி ஞாயிறு மட்டும். அந்த வேலைக்குக் கூலி யார் கொடுப்பது என்பதற்குத்தான் தொழில்முனைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் போல.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு பெண்கள், பதினெட்டு வீடு, ஒரு ஒருங்கிணைப்பாளர். அதில் ஆறு வீடு இலவசம் என்றால் மீதிப் பன்னிரண்டு வீடும் இப்போது நாங்கள் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கிழவியை முகம் தெரிந்ததால் ஒத்துக்கொண்ட வாத்தியார், முகம் தெரியாத ஆறு பேருக்கு ஒத்துக்கொள்வாரா? ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை ஊராட்சியோ சுய உதவிக் குழுக் கூட்டமைப்போ ஏற்றுக்கொண்டால் கணக்குச் சரியாக வருகிறது. இல்லாவிட்டால் வரவில்லை. எத்தனை தடவை போட்டாலும் வரவில்லை.

போன மாதம் அக்கா, "தை பொறந்ததும் மவளுக்குக் கல்யாணம் அண்ணாச்சி, பதினஞ்சு நாளு வரமாட்டேன்" என்றாள். மூன்று வீட்டுக்கும் கலக்கம். அவளே தன் சித்தி மகள் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள், சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். விரிப்பை இழுத்து ஆச்சியைத் திருப்பக் காட்டிக்கொடுத்தாள். அவள் இழுத்த இழுப்பில் ஆச்சி "எம்மா" என்று முனகினாள். இரண்டாம் தடவை மெதுவாக வந்தது.

ஆச்சி புரை எடுத்த கண்ணால் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு பெத்த பிள்ளைட்டி நீ? நகத்த வெட்டிட்டு நாளைக்கு வா."